எதிர்ப்புரி

மல்லாவிச் சந்தியில் வாங்கின புதுப் பெடல்,
சோடி நானூற்றி எண்பது ரூபா.
பொருந்தவில்லை.
றலிக்குத் துளை வேறு, புரி வேறு.
கடைக்காரர் கேசவமூர்த்தி காசைத் திருப்பித் தந்து சொன்னார்:
"தங்கச்சி, பெடலை விடு. சைக்கிளை மாத்து."

மாத்தலாம், சம்பளம் வரட்டும்.
பதில் தபால்காரிக்குக் கந்தோர் தருவது
ஒரு பை, ஒரு மழைக்கோட்டு.
துணுக்காயிலிருந்து ஐயன்கன்குளம் வரைக்கும்
சில்லு என்னுடையது.

என்னுடையது என்றால்,
திரும்பி வந்த வருசம்
என் லுமாலாவைத் தேடிக் குவியலுக்குள் போய்
உச்சி வெயில் சாயும் மட்டும் தேடி
கடைசியில் கையோடு இழுபட்டு வந்தது இது.
துண்டில் எழுதித் தந்தார்கள்:
ஆண்கள் சைக்கிள், கறுப்பு, ஒன்று.
இவ்வளவு காலமும் கொட்டிலில் நின்றது.
கோழி ஏறிப் படுக்கும்.

மட்காட்டில் ஆணியால் கீறின பெயர்.
துரு தின்றது போக மிச்சம்
வ. பூலோக
பூலோகசிங்கமோ, நாதனோ, ராணியோ,
முகவரி எழுதத் தொடங்கினவர்
பாதியில் எழும்பிப் போன கடிதம்.

இரவு அரிக்கன் லாம்பு வைத்து
இடது பெடலைக் கழற்றினேன்.
இடதுக்கு எல்லாம் மறுபக்கம்:
வலம் சுழற்றினால் தளரும், இடம் சுழற்றினால் இறுகும்.
தெரியாதவர் கழற்றுகிறேன் என்று இறுக்குவார்,
புரியை அரைத்துத் துப்புவார்.
இதன் அச்சில் புரி தேய்ந்த இடத்தில் தகரம்.
லக்டோஜன் ரின்னில் வெட்டினது,
அரை விரல் அகலம், எழுத்தில் பாதி இன்னும் தெரிகிறது.
சுற்றின பக்கம் சரி.
வ. பூலோக,
உனக்கு வேலை தெரியும்.

ஆனால் உள்ளே திறந்தால் இதென்ன?
போல்ஸ் பன்னிரண்டில் பத்துத்தான் இரும்பு.
மற்ற இரண்டும் ஈயம்,
மானுக்கு இடியனில் போடும் சன்னம்.
நசிந்து, தட்டையாகி, துவரம்பருப்புப் போல.
இரண்டு குறைந்தாலும் ஓடும், ஐயா.
அல்லது அம்மா.
கிறீஸ் அப்பினால் பத்தே போதும்.
நிரப்பாமல் விட உனக்கு ஏன் மனம் வரவில்லை?

வலது பெடலில் றப்பர் எலும்பு தெரியத் தேய்ந்திருக்கு.
லொறி ரயரில் இரண்டு துண்டு அறுத்து
பழுக்கக் காய்ச்சின கம்பியால் துளையிட்டேன்.
நாற்றத்துக்குப் பக்கத்து வளவு நாய் குரைத்தது,
தெய்வேந்திரம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டி
"என்ன, பிணமா எரிக்கிறாய்?" என்று கேட்டு
கேட்டதும் பேச்சை விட்டு
உள்ளே போனார்.

இடது றப்பர்?
புத்தம் புதிது.
அச்சில் வார்த்த பூவரி கூட அழியவில்லை.
மிதிபடாத பெடல் ஒன்றுக்கு
தகரம் வெட்டி, ஈயம் நிரப்பி, இவ்வளவு பாடு எதற்கு என்று
லாம்புக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பினேன்.
குறுக்கே ஒரு தடம்.
தோல் வார் இறுகி இறுகிப் பதிந்த தடம்,
விரற்கடை அகலம்.

அப்பிடியோ.

கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை.
பிறகு ஈயம் இரண்டையும் எடுத்து
முத்திரை வைக்கிற டப்பிக்குள் போட்டேன்.
பத்தையும் மண்ணெண்ணெயில் கழுவிக் கோத்தேன்,
இரண்டு பேருக்கான இடம் சும்மா கிடந்தது, இருக்கட்டும்.
தகரத்தில் கை வைக்கவில்லை.
தூசி மூடி தொலைந்த ஓட்டைக்கு
சித்தாலேப டப்பி மூடியைத் தட்டி இறுக்கினேன்.
அளவெடுத்தது போல உட்கார்ந்தது.
இனி மழைக்கு என் பெடல் மணக்கும்.

விடியப் புறம் கிரவல் றோட்டில்
ஏறி மிதித்தேன்.
வலது கால் தன் பாட்டில் போனது.
இடது கால் அந்தப் பூவரியில் பட்டுக் கூசி
ஒரு சுற்று சும்மா கூட வந்தது, பாரம் வைக்காமல்.
மேட்டில் வேறு வழியில்லை.
பையில் முப்பத்தொரு கடிதம்,
ஒன்று பதிவுத் தபால், கையெழுத்து வேணும்.
மிதித்தேன்.